செக் என்ஜின் விளக்கு: சென்சாரை மாற்றும் முன்

டேஷ்போர்டில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். ஸ்கேனரைச் சொருகுகிறார்கள், 'பி0171' என்று கோடு வருகிறது, 'ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு' என்று புதிது ஒன்றைப் போட்டு பில் தருகிறார்கள். சில நாளில் விளக்கு மறுபடி எரிகிறது. ஸ்கேனர் சரியாகத்தான் சொன்னது; படித்தவர்தான் அவசரப்பட்டுவிட்டார்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடினாலோ பெட்ரோல் குறைந்தாலோ அது 'லீன்' கலவை. எரிந்து வெளியேறும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து இதைக் கண்டுபிடிப்பது ஆக்சிஜன் சென்சாரின் வேலை. அது தரும் தகவலைப் பார்த்து, என்ஜினை ஆளும் கணினியான இசியூ, இன்ஜெக்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்து பெட்ரோலைக் கூட்டுகிறது. இந்தத் திருத்தத்துக்கு 'ஃபியூயல் ட்ரிம்' என்று பெயர். அது 10 சதவீதத்துக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் கவலையில்லை. 20, 25 சதவீதம் கூட்ட வேண்டிய நிலை வந்து, அடுத்தடுத்த ஓட்டங்களிலும் அது நீடித்தால்தான் பொதுவாக பி0171 பதிவாகி விளக்கு எரியும். காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை என்பதுதான் அந்தக் கோடின் பொருள். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

தேடலுக்கு வழிகாட்டுவதும் அதே ட்ரிம் எண்தான். அதை ஐடிலிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் பார்க்க வேண்டும். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்று நொடிக்கு 0.6 கிராம் உள்ளே போவதாக வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் கணக்கில் வரும் காற்று 3 கிராம் என்றால், பிழை 20 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் அது 12 கிராமாக உயர்ந்தால், அதே ஓட்டையின் பங்கு 5 சதவீதம்தான். எனவே ஐடிலிங்கில் எகிறி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ட்ரிம் இறங்கினால், காற்றுக் கசிவைத் தேடலாம்; புகையைச் செலுத்திப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். மாறாக, ஏற்றத்திலும் வேகத்திலும் ட்ரிம் ஏறினால், அடைபட்ட ஃபியூயல் ஃபில்டர், பலவீனமான பம்ப், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றின் மீது சந்தேகம் விழும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில், கசிவு லீன் கோடாக வராமல், ஐடிலிங் வேகம் கூடுவதாகவே வெளிப்படலாம்.

ஆக்சிஜன் சென்சார் கெடுவதே இல்லையா? கெடும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருந்தாலும், வெளிக்காற்று புகுந்து பொய்யாக லீன் காட்டும். ஆனால் இதையும் சோதித்தே முடிவுசெய்யலாம்: காற்று நுழையும் வழியில் சிறிது புரோபேன் வாயுவைச் செலுத்தியதும் சென்சாரின் வோல்டேஜ் சட்டென்று உயர்ந்தால், அது உயிரோடுதான் இருக்கிறது. 'சென்சார் மாற்றியதும் விளக்கு அணைந்ததே' என்பவர்களுக்கும் பதில் உண்டு. சென்சாரை மாற்றிவிட்டு, பதிவான கோடை ஸ்கேனரால் அழிக்கும்போது பல கார்களில் ட்ரிம் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. பழைய கோளாறு மறுபடி அந்த எல்லையைத் தொடச் சில ஓட்டங்கள் ஆகும்.

'எல்லாம் இ20 பெட்ரோலால் வந்தது' என்றொரு வாதமும் இருக்கிறது. இ10, இ20 என்பவை முறையே 10, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால், இ10-லிருந்து இ20-க்கு மாறும்போது சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவைப்படும் என்பது உண்மைதான். நல்ல நிலையில் உள்ள என்ஜினில் இசியூ அதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே 17, 18 சதவீதத்தில் திணறும் வண்டியைத்தான் இந்த 4 சதவீதம் எல்லை தாண்ட வைக்கும். அங்கும் ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். அது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயரின் அறிகுறி; அதனால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பாழாகும். நிலையாக எரிந்து, வண்டியும் சீராக ஓடினால் நிதானமாகச் சோதிக்க நேரம் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் எந்த உதிரிபாகத்துக்கும் சம்மதிக்கும் முன், 'ஐடிலிங்கில் ட்ரிம் எவ்வளவு, 2,500-ல் எவ்வளவு?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடமே வண்டியை விடுங்கள்.