இணையத்தளத்துக்குப் பெயரிடுதல்

இணையத்தோடு தொடுக்கப்பட்ட கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வது எண்களைக் கொண்டேயாகும். நீண்ட எண்களை நினைவில் வைத்திருத்தல் மனிதர்க்கு அரிது. ஆதலால், எண்ணுக்கு ஈடாகப் பெயரை வழங்கும் முறையொன்றை 1983ஆம் ஆண்டிலே போல் மொக்கபெற்றிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். அப்பெயரே ஆள்களப் பெயர் எனப்படுகின்றது. இதனை வீட்டு விலாசத்துக்கு ஒப்பிடுவதுண்டு. எனினும் ஒரு வேறுபாடுண்டு. கடிதவுறையில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஊரறிந்த தபாற்சேவகர் உரியவரிடம் அதனைச் சேர்ப்பித்துவிடுவார். இணையத்தில் அத்தகைய தபாற்சேவகர் இல்லை. ஓரெழுத்து மாறினால் வேறொருவர் வாயிலிலே போய் நிற்க நேரும்.

உரோம எழுத்துக்களில் அமையும் பெயரில் எழுத்தும் இலக்கமும் இணைகோடும் வரலாம். புள்ளிகளுக்கிடையே வரும் ஒவ்வொரு பகுதியும் 63 குறிகள் வரை நீளலாம். இடங்கொடுக்கிறதே என்று அத்துணை நீளமாகப் பெயரிடுவோர், தம் தளத்தை நாடி வருவோரைத் தாமே தடுப்பவராவர்.

பெயர் கண்ணுக்கு அழகாயிருத்தல் மட்டும் போதாது. செவிக்கும் தெளிவாயிருத்தல் வேண்டும். தொலைபேசியிலோ வானொலியிலோ ஒருமுறை கேட்டவர் பிழையின்றி எழுதக்கூடியதே நல்ல பெயர். ஜெவ் பெசோஸ் என்பவர் 1994ஆம் ஆண்டிலே தமது வணிகத்துக்கு மந்திரவாதிகள் சொல்லும் சொல்லொன்றிலிருந்து ‘கடாப்ரா’ என்று பெயரிட்டார். தொலைபேசியில் அதனைக் கேட்ட சட்டத்தரணிக்கு அது ‘கடாவர்’ என்று ஒலித்தது. ஆங்கிலத்திலே அச்சொல்லுக்குப் பிணம் என்பது பொருள்! பின்னர் அப்பெயர் கைவிடப்பட்டது. அவ்வணிகமே இன்று அமேசன் என வழங்குகின்றது.

ஒலியொப்புமையால் விளைந்த இடர் மற்றொன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உலோகக் குழாய் செய்யும் பொறிகளை விற்கும் கொம்பனியொன்று ‘யூ’ என்னும் ஓரெழுத்தையும் குழாயைக் குறிக்கும் ‘டியூப்’ என்னுஞ் சொல்லையும் சேர்த்துப் பெயர் வைத்திருந்தது. யூடியூப் புகழ்பெற்ற 2006ஆம் ஆண்டிலே, படம் பார்க்க விழைந்தோர் திரள்திரளாக அக்குழாய்க்காரரின் தளத்திற் புகுந்தனர். சுமை தாங்காது தளம் முடங்கியது. விடயம் நீதிமன்றம் வரை சென்றது. முந்திப் பெயர் வைத்தவர் குழாய்க்காரரே என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயரை உரோம எழுத்தில் எழுதப் புகுவோர்க்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். கலை வளர்க்கும் மன்றமொன்று ‘கலை’ என்று பெயரிடுமாயின், ஆங்கில எழுத்திலே அது வயலிற் பிடுங்கும் ‘களை’யாகவும் படிக்கப்படும். பலம், பாலம், பாளம் என்பனவும் ஒரே வடிவிற் போய் முடியும். ழகரத்துக்கோ ஒருவர் ‘எல்’ எழுதுவார். மற்றொருவர் ‘இசட் எச்’ எழுதுவார். தகரத்தோடு ‘எச்’ சேர்ப்பாரும் உளர், சேர்க்காதாரும் உளர். தமிழ் என்னும் நம் மொழியின் பெயரே நான்கு விதமாக எழுதப்படுகின்றதெனின், பிற சொற்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் முரசு, மணி போன்று பெரும்பாலார் ஒரேவிதமாக எழுதும் சொல்லைத் தேர்தல் நன்று. அத்தகைய எளிய சொற்களைப் பிறர் முன்னரே பதிந்திருக்கக்கூடும். அப்போது ஊர்ப்பெயரொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்பவற்றின் ஆங்கில வடிவங்கள் நெடுங்காலமாக நிலைபெற்றவை. இலக்கத்தையோ இணைகோட்டையோ இட்டு இடரைத் தீர்க்க முயல்வது சிறந்ததன்று. அவற்றை வாயாற் சொல்லி விளக்குவதே பெரும்பாடாகிவிடும்.

பெயரின் வாலும் கருதத்தக்கது. ‘டொட் கொம்’ என்னும் வாலிலே முதற்பெயர் 1985ஆம் ஆண்டிற் பதியப்பட்டது. இலங்கைக்குரிய ‘டொட் எல்கே’ 1990இல் வந்தது; உள்நாட்டு வாடிக்கையாளரை நாடும் கடைக்கு இதுவே பொருத்தம். 2010ஆம் ஆண்டு முதல் ‘இலங்கை’ எனத் தமிழெழுத்திலேயே முடியும் பெயரும் உண்டு. இதனால் ழகர ளகர மயக்கம் அறவே ஒழிகின்றது. ஆயினும், தமிழிலே தட்டெழுதும் வசதியில்லாதார் அப்பெயரை எட்டமாட்டார். இரண்டையும் பதிந்து, ஒன்றை மற்றதற்கு வழிகாட்டுமாறு அமைத்தலே தக்கது.

ஆள்களப் பெயர் விலைக்கு வாங்கும் பொருளன்று. குறித்த காலத்துக்குப் பெறும் குத்தகை எனலாம். தவணை தவறின் பெயர் கைவிட்டுப் போகும். 1999ஆம் ஆண்டு மார்கழியிலே மைக்ரோசொப்ட் நிறுவனமே ஒரு பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹொட்மெயில் அஞ்சலைப் பலர் திறக்கமுடியாது தவித்தனர். அந்நிறுவனத்தோடு தொடர்பற்ற ஒருவர் 35 டொலர் கட்டி அப்பெயரைக் காத்தார். சிறு சங்கங்களுக்கு நேரும் கேடு பெரும்பாலும் வேறு வகையினது: தளத்தை அமைத்துக் கொடுத்தவர் பெயரையும் தம் பேரிலேயே பதிந்துவிடுவார். அவர் ஊர்விட்டுப் போனபின் சங்கத்தார் தம் பெயரைத் தாமே கேட்டுப்பெற வழியின்றி நிற்பர். பதிவுக் கட்டணம் கட்டும் நாளிலேயே, பதிவு எவர் பேரில் இருக்கின்றது, நினைவூட்டும் அஞ்சல் எவருக்கு வரும் என்பவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும்.