அடிபட்ட முதல் வாரத்தில் வீட்டார் செய்ய வேண்டியவை

வேலைக்குப் போகும் வழியில் ஒருவர் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் அவர் பிழைத்துக் கண் விழித்தால் போதும் என்றிருக்கிறது. இழப்பீடு, வழக்கு என்றெல்லாம் யோசிக்க யாருக்கும் மனம் வராது. அது நியாயம்தான். ஆனால் வழக்கைத் தாங்கி நிற்கும் சாட்சியங்கள் அந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அடிபட்டவரால் அவற்றைச் சேர்க்க முடியாது. அண்ணனோ, மனைவியோ, பக்கத்து வீட்டுப் பையனோதான் அலைந்தாக வேண்டும்.

பினாங்குத் தீவின் பாயான் பாருவில் இது அன்றாடப் பிரச்சினை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் ஷிப்ட் நேரத்தோடுதான் மூச்சு விடுகிறது. விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்களுக்கும் லோரிகளுக்கும் நடுவே மோட்டார்கள் புகுந்து போகின்றன. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள்தான்.

முதலில் போலிஸ் புகார். விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால் வீட்டார் போய்ச் சொல்லி வைக்கலாம். அவர் தேறியதும் தன் வாக்குமூலத்தைக் கொடுக்கட்டும். புகாரை மலாயில் தட்டச்சு செய்வார்கள். கையெழுத்துப் போடும் முன் வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். லோரி குறுக்கே வந்ததால் விழுந்தவரின் புகாரில் 'தானே சறுக்கி விழுந்தார்' என்ற பொருளில் ஒரு வரி இருந்துவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்வார். நினைவில்லாததை 'நினைவில்லை' என்றே சொல்ல வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. விசாரணை அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள். சம்பவ இட வரைபடம், அதன் விளக்கக் குறிப்பு, போலிஸ் எடுத்த படங்கள், எதிர்த்தரப்பின் புகார் ஆகியவற்றைப் பிறகு கட்டணம் கட்டி வாங்கலாம்.

அடுத்து கேமரா பதிவு. கடைகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் கேமரா இருக்கிறதே, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பல கருவிகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். அன்றைக்கோ மறுநாளோ போய்ப் பேசி, பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது, நகல் எடுத்துக் கொடுத்தவர் யார், கருவிக்குப் பொறுப்பானவர் யார் என்று எழுதி வையுங்கள். கணினியிலிருந்து வரும் ஆவணத்தை நீதிமன்றம் ஏற்பதற்கு 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வழி சொல்கிறது. பொறுப்பாளரின் சான்றிதழ் அதில் முக்கியமானது. பதிவில் என்ன இருக்கிறது என்று பார்த்த பின்பு அதை வெட்டவோ ஒட்டவோ கூடாது. முழுதாக இருக்கட்டும்.

சாலைக் குழியில் விழுந்தவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். ஒருவர் விழுந்த செய்தி பரவினால் குழியை அடைத்துவிடுவார்கள். பொதுமக்களுக்கு அது நல்லது. வழக்குக்குச் சாட்சி போய்விடும். குழிக்குள் அளவுகோலை நிறுத்தி ஆழம் தெரிய ஒரு படம், பக்கத்துக் கடைப் பலகையோ விளக்குக் கம்பத்தின் எண்ணோ தெரியத் தூரத்திலிருந்து இன்னொரு படம், விபத்து நடந்த அதே நேரத்து வெளிச்சத்தில் மூன்றாவது படம். சாலை பினாங்குத் தீவு மாநகராட்சியுடையதா, பொதுப்பணித் துறையுடையதா என்றும் விசாரியுங்கள். சாதாரண விபத்து வழக்குக்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. அரசாங்கத்தின் மீதும் பொது அமைப்புகளின் மீதும் போடும் வழக்குக்கு 36 மாதம்தான். ஆள் இறந்துபோய்க் குடும்பத்தார் வழக்குப் போட்டால் 3 ஆண்டு.

நொறுங்கிய மோட்டாரைப் படம் எடுக்கும் முன் பட்டறையில் பிரிக்க விடாதீர்கள். ஹெல்மெட்டையும் கிழிந்த உடையையும் துவைக்காமல், தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்ற கேள்வி நிச்சயம் எழும். அடிபட்டவர் மீதும் தவறு உண்டு என்று நீதிமன்றம் கண்டால், அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைத்துவிடும்.

மருத்துவமனையில் நம் மக்கள் செய்கிற ஒன்று எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கால் முறிந்திருக்கும்போது இடுப்பு வலியையும் காது இரைச்சலையும் சொல்வதே இல்லை. 'அதெல்லாம் சரியாகிடும்' என்று விழுங்கிவிடுகிறார்கள். பெண்கள் இதில் இன்னும் மோசம். ஆறு மாதம் கழித்து அந்த இடுப்புதான் அவரைப் படுக்க வைக்கும். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் அது இல்லையென்றால், விபத்தால் வந்த வலிதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. தலை முதல் கால் வரை எங்கெல்லாம் வலிக்கிறதோ அத்தனையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காயத்தை வாரம் ஒரு முறை படம் எடுங்கள். மருந்து ரசீது, டாக்சி கட்டணம், ஊன்றுகோல் வாங்கிய பில் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மருத்துவ அறிக்கை கேட்டு மருத்துவமனைப் பதிவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கைக்கு வர நாளாகும்.

பணம் உண்மையில் கூடுவதும் குறைவதும் சம்பளச் சாட்சியத்தில்தான். 1956-ஆம் ஆண்டு குடியியல் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, எதிர்கால வருமான இழப்பை 60 வயது வரை கணக்கிடுகிறார்கள். 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு 16 ஆண்டு. அதற்கு மேற்பட்டவருக்கு 60-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் பாதி. 40 வயதுக்காரருக்கு 10 ஆண்டு, அதாவது 120 மாதம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி, மிகைநேர வேலைக்கான ஓ.டி. சேர்த்து 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இனி வேலையே செய்ய முடியாத நிலையில், அந்த 800 வெள்ளி ஓ.டி.யை நிரூபிக்க முடியாவிட்டால் கணக்கில் 96,000 வெள்ளி போய்விடும். சேமநிதி அறிக்கை போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை என்பதால் அது அதில் தெரியாது. சம்பளச் சீட்டுதான் காட்டும். உணவு கொண்டு சேர்க்கும் வேலை செய்பவர்கள், கணக்கு முடக்கப்படும் முன் செயலியில் உள்ள வருமானப் பட்டியலைப் படம் பிடித்து வைக்க வேண்டும். கடை போடுபவர்களுக்குச் சரக்கு பில்லும் வங்கிக் கணக்கும்தான் பேசும்.

வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் உதவியும் உண்டு. பலர் சொக்சோ கிடைத்தால் வழக்குப் போட முடியாது என்று நம்புகிறார்கள். முதலாளி மீதுதான் வழக்குப் போட முடியாது. இடித்த லோரிக்காரர் மீது போடலாம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்கு வந்து போன நேரப் பதிவு, வீட்டிலிருந்து வேலையிடம் வரையிலான வழியின் வரைபடம், போலிஸ் புகார், மருத்துவ விடுப்புச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். சொந்த வேலையாக வழியை விட்டு விலகிப் போனபோது அடிபட்டிருந்தால் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அதனால் வரைபடத்தைக் கவனமாக வரையுங்கள். விடுப்பு 4 நாளுக்குக் குறையாவிட்டால், தற்காலிக முடக்கத்துக்குத் தினசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறார்கள். 2019-இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவுக்குள் வந்துவிட்டார்கள்.

கடைசியாக, கட்டிலருகே வந்து நிற்கும் தரகர்கள். 'காசே வேண்டாம், ஜெயிச்சா பங்கு போதும்' என்பார்கள். வழக்கில் வென்றால் மட்டுமே கூலி என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆவது பிரிவு தடை செய்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலின் பெயர் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனம் 'இதுவே முழுமையான, இறுதியான தீர்வு' என்ற கடிதத்தை நீட்டினால், சிகிச்சை முடியும் முன் கையெழுத்துப் போட வேண்டாம். பின்னால் இன்னோர் அறுவைச் சிகிச்சை வந்தாலும் மீண்டும் கேட்க முடியாமல் போகும். பணம் வந்த பிறகும் தொகை எவ்வளவு, கழித்தது எவ்வளவு, எதற்காக என்ற கணக்கை வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.