கூத்துக் கவசம்

மாசித் திங்களில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றியதும், ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே காமன் கம்பம் ஊன்றப்பெறும். அன்று தொடங்கிப் பௌர்ணமி வரை தப்பொலி மலைச்சரிவெங்கும் எதிரொலிக்கும். தாரகாசுரனால் துன்புற்ற தேவர்கள் சிவபெருமானின் யோகத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவியதும், அவன் நெற்றிக்கண்ணின் தீயில் நீறானதும், இரதி புலம்பியதும் நேயர்கள் நன்கு அறிந்த கதையே. அக்கதையை ஆடுவோர் அணியும் கிரீடமும் மார்புக் கவசமும் புஜக்கட்டையும் எவ்வாறு உருவாயின என்பதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பகலெல்லாம் மலையில் கவ்வாத்து வெட்டிக் களைத்த கைகள், இரவிலே லயத்துக் காம்பராவில், விளக்கொளியில் செய்து முடித்த பொருள்கள் அவை.

இக்கலை தமிழகத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைக்காகவும் திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக இலங்கைக்கு வந்தனர். முன்னாளில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக நடந்தவர்கள் மரக்கிரீடத்தைச் சுமந்து வந்திருக்க இயலாது. ஆட்டமும் பாட்டும் போலவே கிரீடத்தின் வடிவமும் நினைவிலேதான் வந்திருத்தல் வேண்டும்.

தமிழகத்துத் தெருக்கூத்தில் இவ்வணிகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவர். அது மிக இலேசான மரம். அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். அதனால் அக்கூத்தையே கட்டைக் கூத்து என்பதும் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காகவும் தழை உரத்துக்காகவும் நட்ட முள்முருங்கை மரங்களும் அதே இனத்தைச் சேர்ந்தவை என்பது வியப்பான பொருத்தம். துரைமார் தேயிலைக்காக நட்ட மரம் கூத்துக்கும் ஏற்றதாக அமைந்தது!

மரம் செதுக்கத் தெரியாதவருக்கு அட்டை இருக்கிறது. அட்டைக் கிரீடம் செய்வது எளிது போலத் தோன்றும். ஆனால் அதில் நுட்பம் பல உண்டு. முதலில் ஆடுபவரின் தலையை நூலால் சுற்றி அளத்தல் வேண்டும். தலைப்பாகைத் துணி உள்ளே அமைவதற்காக ஒரு விரற்கடை கூட்டிக்கொள்வது அவசியம். கோதுமை மாவைக் கொதிநீரில் கரைத்துக் காய்ச்சிய பசையால், கிழித்த செய்தித்தாளை அட்டையின்மேல் படலம் படலமாக ஒட்டுவர். ஒரு படலம் நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அமைந்தால் உலர்ந்தபின் அது பலகைபோல் இறுகும். தட்டையான அட்டை எளிதில் மடியும். வளைத்த அட்டையோ தாங்கும். ஆதலால் மார்புக் கவசத்தின் நடுவே நெடுக ஒரு வரம்பு வைத்து வளைப்பர். அவ்வரம்பு அழகுக்காக மட்டும் வைத்ததன்று.

மலைநாட்டில் இவ்வேலைக்கு உள்ள பெரும் பகை ஈரமே. நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தை, மாசி இரவுகளில் அங்கே உறைபனி படிவதும் உண்டு. ஒரு படலம் உலருமுன் அடுத்ததை ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடித்து அட்டை ஊதிவிடும். அவசரப்பட்டுத் தீயருகே நீட்டினாலோ பசை வெடித்து அட்டை கோணும். அடுப்புக்கு மேலே, புகை மட்டும் படும் உயரத்தில் தொங்கவிட்டுப் பல நாள் பொறுத்திருத்தல் வேண்டும். பிறை கண்ட பின் தொடங்கியவர் பசை காயாத கிரீடத்தோடுதான் களத்துக்கு வர நேரும்.

மேற்பூச்சு மினுங்கும் தாள்தான். தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் முற்காலத்தில் ஈயத்தாளும் பின்னர் அலுமினியத்தாளும் விரித்தனர். பளபளக்கும் தாள் தோட்டத்துக்குப் புதிய பொருளன்று. அதன்மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பர். அவற்றை ஒரே மட்டமாகப் பதித்தால் ஒரு திசைக்கு மட்டுமே ஒளி செல்லும். சற்றுச் சரித்துச் சரித்துப் பதித்தால், ஆடுபவர் திரும்புந்தோறும் பந்த வெளிச்சம் சிதறி, மேட்டிலே அமர்ந்திருப்போர் கண்ணுக்கும் எட்டும். புஜக்கட்டை தோளை அகலமாக்கும், கிரீடம் உயரத்தைக் கூட்டும். எத்துணைப் பெரிதாயினும் அவை இலேசாக இருந்தே ஆகவேண்டும். ஏனெனில் அவற்றை அணிந்தவர் நின்று வசனம் பேசுபவர் அல்லர், விடியும்வரை குதித்தாடுபவர்.

மேலைநாடுகளிலும் இத்தகைய பொழுதுபோக்கு ஒன்று வளர்ந்துள்ளது. 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் என்னும் விண்வெளிப் படத்தில் வெண்கவச வீரர்கள் தோன்றினர். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் பரப்பிக் காற்றை உறிஞ்சிச் செய்த கவசம் அது. அதைத் தம் வீட்டிலேயே செய்து அணியும் அன்பர்கள் 1997இல் ஒரு சங்கமே அமைத்தனர். இன்று இத்தகைய அன்பர்கள் பலர் செருப்பின் அடித்தட்டுக்கு உதவும் நுரைத்தட்டைச் சூடுகாட்டி வளைத்து, வெள்ளிநிறம் தீட்டிக் கவசம் செய்கின்றனர். எடையைக் குறைப்பது, வளைவால் வலுவூட்டுவது, உலோகம்போலத் தோன்றச் செய்வது, மூட்டுகள் அசைய இடம் விடுவது ஆகிய நான்கும் அவர்களுக்கும் சிக்கல்களே. மாவுப் பசையும் அட்டையும் கொண்டு தோட்டத்து மக்கள் கண்ட விடைகள் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. படத்தில் கண்ட வீரனாக விளையாடிப் பார்ப்பது மேலைநாட்டாரின் ஆசை. கங்காணியின் முன்னும் துரையின் முன்னும் பகலெல்லாம் குனிந்து நின்றவன், மழைக்குக் கம்பளி போர்த்த அதே தோளில் புஜக்கட்டை கட்டி இந்திரனாகவோ எமனாகவோ நிமிர்ந்து நிற்பது வேறு வகையான செயல். ஊரே அவனை வணங்கும். அந்த ஓர் இரவுக்காகவே அட்டையும் பசையும் சேர்த்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

இக்கைத்திறன் இடையறாது தொடர இயலாமற் போனதற்கு வரலாறும் ஒரு காரணம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களோடு கூத்து வாத்தியார்களும் ஆட்டக்காரர்களும் பிரிந்து சென்றனர். இரதியாக ஆடியவர் இராமேசுவரம் கரையேற, மன்மதனாக ஆடியவர் மலையிலேயே தங்கிவிட்டால் அத்தோட்டத்தின் கூத்து என்னாகும்? பாட்டை ஏட்டில் எழுதி வைக்கலாம். எந்த அட்டையை எங்கே வெட்டுவது, எவ்வளவு வளைப்பது என்பதோ செய்தவரின் கையில் மட்டுமே இருந்தது.

காமன் கூத்து மலையகத்தில் இன்றும் ஆடப்படுகிறது. பட்டணத்திலிருந்து ஆயத்த உடைகளை வாடகைக்கு எடுத்து வருவதில் குற்றம் ஒன்றுமில்லை; அவற்றிலும் மினுக்கத்துக்குக் குறைவில்லை. எனினும் பரணில் பழைய கிரீடம் ஒன்று கிடக்குமாயின் அதை அப்புறப்படுத்துமுன் ஒரு சிறு வேலை செய்யலாம். தையல் பிரியும் இடத்தில் அதனை மெல்ல விரித்துச் செய்தித்தாளின்மேல் பரப்பி, விளிம்பைப் பென்சிலால் வரைந்து, எந்தத் தோட்டத்தில் எவர் அணிந்தது என்று ஓரத்திலே குறித்துக்கொண்டால் போதும். அடுத்த மாசிக்கு வேண்டிய அச்சு ஆயத்தம்.