தங்கச் சுரங்கங்களும் அவற்றின் விளைவும்

தென்காசி, குற்றாலம் பக்கத்துக் கிராமங்களில் தங்கம் எடுக்கும் சுரங்கம் எதுவும் இல்லை. ஆயினும் தங்கம் சிறிதுமில்லாத வீடு அரிது. பெண்ணின் தாலி முதல், நடவுச் செலவுக்காகச் சங்கத்தில் ஈடு வைக்கும் வளையல் வரை, குடியானவருடைய சேமிப்பில் பெரும்பகுதி இவ்வுலோகமாகவே இருந்து வருகிறது. கூட்டுறவுக் கடன் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் பொட்டலம் பொட்டலமாக வைத்திருக்கும் நகைகளில் ஒரு பவுனுக்கு எவ்வளவு பாறை உடைபட வேண்டும், எத்தனை பேர் உழைக்க வேண்டும் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். தங்கம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பணத்தை நீட்டி இழந்தவர்களின் சரித்திரத்தை அறிந்திருத்தல் அதனினும் அவசியம்.

கல்லிலிருந்து தங்கம்

சுரங்கத்தில் தங்கம் கட்டி கட்டியாகக் கிடைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. பூமிக்குள் வெண்மையான படிகக் கல் நரம்பு போல ஓடுகிறது. அந்நரம்பில் கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகத் தங்கம் கலந்திருக்கும். கல்லை வெடிவைத்துப் பெயர்த்து, மேலே ஏற்றி, யந்திர உலக்கைகளால் மாவாக இடித்து, நீருடன் பாதரசத்தின்மேல் ஓடவிட்டால், பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர் பாதரசத்தைக் காய்ச்சிப் பிரித்துவிடுவார்கள். இம்முறையில் தப்பிப்போன தங்கத்தைக் கரைத்தெடுப்பதற்கு 1887-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்தில் சயனைடு முறை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு, முன்னர் எறிந்துவிட்ட மணலிலிருந்தும் தங்கம் எடுக்க முடிந்தது.

ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் தங்கம் கிடைக்கிறது என்பதே சுரங்கத்தின் விளைவு. நெல்லுக்கு ஏக்கர்க் கணக்கு எப்படியோ, தங்கத்துக்கு டன் கணக்கு அப்படி. அந்த டன் கல்லை வெட்டி, ஏற்றி, இடித்து முடிக்க ஆகும் செலவு தங்கத்தின் விலைக்குள் அடங்கினால் சுரங்கம் நடக்கும், மிஞ்சினால் மூடப்படும்.

வயநாட்டில் நேர்ந்தது

நீலகிரி ஜில்லாவின் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பகுதிகள் தென்கிழக்கு வயநாடு எனப்படும். அங்குள்ள ஜனங்கள் ஓடை மணலை அரித்துச் சிறிது தங்கம் எடுப்பது நெடுநாளைய வழக்கம். அதைக் கண்டு, ஆழ்ந்து தோண்டினால் அளவற்ற தங்கம் கிடைக்குமென்ற நம்பிக்கை வெள்ளையரிடையே பரவியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரௌ ஸ்மித் என்ற நிபுணர் 1880-ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தார். பொறுக்கியெடுத்த சில கற்களைச் சோதித்ததில் கண்ட விளைவு எல்லோரையும் மயக்கிற்று. இரண்டு மூன்று வருஷங்களுக்குள் 30-க்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவற்றின் மூலதனம் 40 லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு மேற்பட்டது. காப்பித் தோட்டங்கள் தங்க நிலமென்று பெருவிலைக்கு விற்கப்பட்டன. யந்திரங்கள் மலைமேல் ஏற்றப்பட்டன.

யந்திரம் ஓடி, கல் டன் டன்னாக இடிபட்டபோது உண்மை வெளியாயிற்று. சோதனைக் கல்லில் கண்ட விளைவு மொத்தக் கல்லில் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் சில வருஷங்களுக்குள் மறைந்தன. நிலத்தை விற்றவர்களும் பங்குகளை முதலில் விற்று விலகியவர்களும் லாபமடைந்தார்கள். கடைசியில் பங்கு வாங்கியவர்கள் முதலை இழந்தார்கள்.

கோலாரின் ஏற்றம்

இதே காலத்தில் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கோலார்ப் பகுதியிலும் கம்பெனிகள் பல தோன்றின. 1802-ஆம் ஆண்டில் எல்லை அளவைக்கு வந்த ஜான் வாரன் என்ற அதிகாரி, அவ்வூரார் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்திருந்தார். அக்குறிப்பைப் படித்த லவேல் என்ற ஓய்வுபெற்ற போர்வீரர் 1873-இல் மைசூர் சர்க்காரிடம் சுரங்க உரிமை கோரினார். அவருக்குப் பண வசதி போதாமையால் உரிமை பிறர் கைக்கு மாறி, 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்தது.

முதல் வருஷங்களில் இங்கும் நஷ்டமே. மைசூர் சுரங்கக் கம்பெனியின் மூலதனம் பெரும்பாலும் தீர்ந்து, பங்குதாரர் பலர் வேலையை நிறுத்திவிட விரும்பிய வேளையில், பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி பழங்காலத்தார் தோண்டி விட்டுப்போன குழிகளைப் பின்பற்றி ஆழமாக வெட்டினார். சாம்பியன் நரம்பு என்னும் செழுமையான கல் அகப்பட்டது. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகாம், நந்திதுர்க்கம் என்ற நான்கு பெரிய சுரங்கங்கள் நிலைபெற்றன. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1905-ஆம் ஆண்டில் உற்பத்தி உச்சமடைந்து, 6 லட்சம் அவுன்சுக்கு மேல் தங்கம் கிடைத்தது.

இதைப் படிப்பவர், விடாமுயற்சி உள்ளவன் வென்றான், மற்றவன் தோற்றான் என்று முடிவுகட்டலாகாது. வயநாட்டிலும் விடாது தோண்டினார்கள். கோலாரின் கல்லில் தங்கம் இருந்தது. வயநாட்டுக் கல்லில் செலவுக்கு ஈடான அளவு இல்லை. வித்தியாசம் அவ்வளவே. அதைக் காட்டியது சோதனைக் கல் அன்று, டன் கணக்கே.

விளைவு குறைந்த விதம்

கோலாரில் ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல், அதாவது 5 பவுனுக்கு மேல் தங்கம் கிடைத்தது. செழுமையான கல் முதலில் வெட்டப்பட்டுவிட்டது. பிறகு ஆழம் கூடிக்கொண்டும் விளைவு குறைந்துகொண்டும் போயின. கடைசிக் காலத்தில் டன்னுக்கு 3 அல்லது 4 கிராம், அதாவது அரைப் பவுனளவே கிடைத்தது. பாரவண்டி ஒன்றுக்கு ஒரு டன் எனக் கொண்டால், ஒரு பவுனுக்கு இரண்டு மூன்று வண்டிக் கல் உடைபட வேண்டும்.

சுரங்கத்தின் ஆழமோ 3 கிலோமீட்டரைத் தாண்டியது. பொதிகையின் அகத்தியர் சிகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீட்டர். அதன் உயரத்தைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் பூமிக்குள் இறங்கிக் கல் வெட்டினார்கள். அவ்வாழத்தில் பாறையின் உஷ்ணம் 65 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்தது. காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தவும், ஊறும் நீரை இறைக்கவும், கல்லை மேலே ஏற்றவும் செலவு வளர்ந்தது. வருமானம் தேய்ந்தது.

1956-இல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய சர்க்காருக்கு மாறி, 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற கம்பெனியாயின. நஷ்டம் தாளாமல் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 120 வருஷங்களில் 5 கோடி டன்னுக்கு மேற்பட்ட கல்லை இடித்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். இந்தியா சமீப காலத்தில் வெளிநாடுகளிலிருந்து ஒரே வருஷத்தில் இறக்குமதி செய்யும் தங்கம் 700 முதல் 800 டன். நான்கு தலைமுறையினர் வெட்டியெடுத்தது தேசத்தின் ஒரு வருஷத் தேவைக்கே சரியாகிறது.

உழைத்தவர்கள்

அக்கல்லை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நிலமற்ற ஏழைகள், அவர்களில் மிகுதியாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், ஒப்பந்தக்காரர் மூலம் அங்கே சென்றனர். பாறை திடீரென வெடித்துச் சரிந்ததால் மாண்டவர் பலர். கல்தூளைச் சுவாசித்து நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோயால் நலிந்தவரும் பலர். 1930-ஆம் ஆண்டில் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, அது தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதாகும் என்று அவர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

இன்று அவர்களுடைய சந்ததியார் பலர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். எடுத்த தங்கம் ஊரில் இல்லை. ஊரில் நிற்பவை சயனைடு மேடுகள் எனப்படும் கழிவு மணற்குன்றுகளே. கோடைக் காற்றில் அவற்றின் தூள் குடியிருப்புகளின்மேல் படிகிறது.

அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்கவை

முதலாவது, விளைவைச் சோதனைக் கல்லால் அளக்கலாகாது. தங்கம் தருகிறோம், மாதந்தோறும் பெருவட்டி தருகிறோம் என்று கிராமத்துக்கு வருபவர், முன்பு ஒருவருக்குக் கொடுத்த லாபத்தையே சான்றாகக் காட்டுவார். அது பொறுக்கியெடுத்த கல். அவரிடம் பல வருஷத்து வரவுசெலவுக் கணக்கு, தணிக்கை அறிக்கை, பதிவுச் சான்று ஆகியவற்றைக் கேட்க வேண்டும். காட்ட மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. தம் சங்கத்தின் கணக்கையும் இதே கண்ணோடு பார்ப்பது அங்கத்தினரின் உரிமையும் கடமையும் ஆகும். வருடாந்தரப் பொதுக்கூட்டம் அதற்காகவே கூட்டப்படுகிறது. ஒரு வருஷ லாபத்தைக் கண்டு மகிழாமல், வசூலாகாத பாக்கி எவ்வளவு, தவணை தவறிய நகைக்கடன் எவ்வளவு என்று கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, சுரங்கத்தின் லாபம் வேறு, நிலத்தின் லாபம் வேறு. சுரங்கத்தில் எடுத்த கல் திரும்ப முளைப்பதில்லை. அங்கே லாபமென்று பங்கிடுவதில் முதலின் பகுதியும் கலந்தே போகிறது. குற்றாலத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் அருவி விழுகிறது. சிற்றாறு பெருகிக் கால்வாய்களையும் குளங்களையும் நிரப்புகிறது. அடுத்த வருஷமும் அந்நீர் வரும். மலைக்காடும் குளக்கரையும் மதகும் சீராக இருக்கும் வரையில் அவ்வரவு ஓயாது. ஆதலால் சங்கக் கடனைக் கொண்டு கிணற்றை ஆழப்படுத்துவதும், கறவை மாடு வாங்குவதும், மண்ணுக்கு உரமிடுவதும் முதலை வளர்க்கும் செலவுகளாகும். நகையை ஈடுவைத்துக் கலியாண விருந்தில் செலவிடுவது, மீண்டும் முளைக்காத கல்லை வெட்டித் தீர்ப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, சேமநிதி. கோலாரில் நல்ல காலத்து லாபம் பெரும்பாலும் கடல் கடந்து பங்குதாரரைச் சேர்ந்தது. விளைவு குறைந்த நாளில் ஊருக்கும் தொழிலாளருக்கும் கைகொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பிறகே பங்கு லாபம் கொடுக்கலாமென்று சட்டம் விதித்திருப்பது இத்தகைய நாளை எண்ணியே. பங்கு லாபம் குறைகிறதென்று அதைக் குறைகூறும் அங்கத்தினர், மழை பொய்த்த வருஷத்தில் தம் சங்கம் வெளியாரிடம் கையேந்தாமல் விதைக்கடன் கொடுப்பது அந்நிதியின் பலத்தினாலேயே என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.