கிட்டார் பெடல் கீபோர்டுக்கு உதவுமா?

திருப்பலியில் நம் பாடகர் குழு பாடும்போது நேரும் ஒரு சிறு தொல்லையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடும்போது கீபோர்டு இனிமையாக ஒலிக்கிறது. சரணத்தை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தனியே பாடத் தொடங்கினாலோ, அவள் குரல் அதில் மூழ்கிவிடுகிறது. வாசிப்பவரின் இரு கைகளும் கட்டைகளின் மேல் இருக்கின்றன. ஒலியை யார் குறைப்பது?

அந்தப் பொறுப்பைக் காலுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். 1842இல் பிரான்சு நாட்டு அலெக்சாண்டர் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், காலால் மிதித்துக் காற்றூட்டும் கருவியாகும். அவ்வகை ஆர்மோனியங்களில் ‘எக்ஸ்பிரஷன்’ என்றொரு விசை உண்டு. அதை இழுத்தால், மிதிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்கும். இன்று பல கீபோர்டுகளின் பின்புறம் அதே பெயருடன் ஒரு துளை இருக்கிறது. அதில் பொருத்துவதே எக்ஸ்பிரஷன் பெடல்.

நம் ரமணாசிரமப் பகுதியில் கிட்டாருடன் வந்து தங்குவோர் உண்டு. அவர்களில் சிலர் வால்யூம் பெடல் வைத்திருப்பர். அத்தகைய பெடல் ஒன்று கிடைத்தால் அதையே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், ஆனால் வேறுபாட்டை முதலில் அறிய வேண்டும்.

வால்யூம் பெடலின் வழியே கிட்டாரின் ஒலி மின்னோட்டமாகப் பாய்கிறது. எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் ஒலி போவதே இல்லை. கீபோர்டு சிறிய மின்னழுத்தம் ஒன்றை அனுப்புகிறது. பெடல் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. அதைக் கீபோர்டு 0 முதல் 127 வரையுள்ள எண்ணாக மாற்றிக்கொள்கிறது. 1983இல் வெளிவந்த ‘மிடி’ முறையில் இதற்கென்றே 11ஆம் எண் கட்டளை உள்ளது.

எனினும், மின்சாரம் தேவைப்படாத சாதாரண வால்யூம் பெடலுக்குள்ளும் இருப்பது அதே பொட்டன்ஷியோமீட்டர்தான். அது மூன்று முனைகள் கொண்ட மாறும் மின்தடை. வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழிலும் உள்ளது. ஆகவே மாற்ற வேண்டியது ஒயரை மட்டுமே. ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோ பிளக்குகளாகப் பிரியும் ஒயர் தேவை. ஸ்டீரியோ பிளக்கைக் கீபோர்டில் செருக வேண்டும். யமஹா வகைக்கு, பிளக்கின் நுனியிலிருந்து வரும் ஒயர் பெடலின் ‘இன்’ துளைக்கும், வளையத்திலிருந்து வருவது ‘அவுட்’ துளைக்கும் செல்லும். ரோலண்டு வகைக்கு இது தலைகீழ்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. பேட்டரி அல்லது அடாப்டரில் இயங்கும் பெடல் இதற்கு ஆகாது.

2. இணைக்கும்போது கீபோர்டு அணைந்திருக்க வேண்டும். எந்த வகை இணைப்பு என்று கையேட்டில் பாருங்கள். தவறாக இணைத்தால், பெடலின் ஒரு கோடியில் மின்னழுத்தம் குறுக்குச்சுற்று ஆகிவிடலாம்.

3. கிட்டார் பெடல்களில் 250 கிலோ ஓம் மின்தடை வழக்கம். ரோலண்டின் ஈ.வி.-5 பெடலில் இருப்பதோ 10 கிலோ ஓம். பொருந்தாவிட்டால் ஒலி சீராக ஏறாது. பெடலின் ஒரு பகுதியில் மட்டும் திடீரென மாறும். ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, சீராக மாறும் 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டரைப் பொருத்தினால் குறை தீரும்.

பெடலை மாற்றுவது ஒரு மாலை வேலை. பாடும் சிறுமியின் மூச்சைக் கவனித்துப் பாதத்தை மெல்லத் தாழ்த்தப் பழகுவதற்குத்தான் நாளாகும். பின்னணி இசை உரிய நேரத்தில் அடங்கினால், கடைசி வரிசையில் நிற்கும் குரலும் கோவில் முழுவதும் கேட்கும் அன்றோ!

– பாடகர் குழு மாணவி, பதினொன்றாம் வகுப்பு