குத்துக்கல்வலசைத் தேங்காய் கப்பலேற வேண்டுமானால்...

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையைச் சேர்ந்த தென்னை விவசாயி ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். வளைகுடா நாட்டு வியாபாரி ஒருவர் அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "ஒரு கண்டெய்னர் தேங்காய் அனுப்புங்கள். சரக்கு வந்து சேர்ந்ததும் பணம் அனுப்பி விடுகிறேன்" என்பதுதான் செய்தி. "ஐயா, வீட்டு நகையை அடகு வைத்தாவது ஒரு பெட்டி அனுப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"அவசரப்பட வேண்டாம் அண்ணாச்சி. முதலில் பெட்டியின் கணக்கைப் பார்ப்போம்" என்று அவரை உட்கார வைத்தேன். அன்று அவரிடம் சொன்னவை, தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கடல் நமக்குத் தொலைவில் இல்லை

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி வழியாகத் தூத்துக்குடி சுமார் 100 கிலோமீட்டர்தான். 1906-ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது அந்தத் தூத்துக்குடியில்தான். 1974-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1999-இல் அங்கே கண்டெய்னர் முனையம் செயல்படத் தொடங்கியது. 2011-இல் துறைமுகத்திற்கு வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் மேலும் ஒரு கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. இங்கிருந்து பல பெட்டிகள் சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. ஆகவே துறைமுகம் இல்லையே என்ற குறை நமக்கு இல்லை. அந்தத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் முறை தெரியாததுதான் குறை.

பெட்டி நம்முடையதல்ல

கண்டெய்னர் என்பது இரும்பினால் ஆன ஒரு பெரிய பெட்டி. 1956-இல் அமெரிக்காவில் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பிய நாளிலிருந்து இம்முறை உலகெங்கும் பரவியது. மூட்டை மூட்டையாகத் தூக்கிக் கப்பலில் அடுக்கும் வேலை போய், பூட்டிய பெட்டியை அப்படியே லாரியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து லாரிக்கும் மாற்றும் வழக்கம் வந்தது.

இருபது அடிப் பெட்டியின் உட்புறம் சுமார் 5.9 மீட்டர் நீளமும், 2.35 மீட்டர் அகலமும், 2.39 மீட்டர் உயரமும் இருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ 33 கனமீட்டர். நாற்பது அடிப் பெட்டி இதைப்போல் இரு மடங்கு கொள்ளும்.

கலியாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பது போலத்தான் இந்தப் பெட்டியும். பெட்டி கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். இத்தனை நாள் இலவசம் என்று ஒரு கெடு தருவார்கள். கெடு கடந்தால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். துறைமுக முற்றத்தில் கிடக்கும் நாட்களுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. அக்கரையில் வாங்குபவர் சரக்கை எடுக்க மறுத்தால், அந்தக் கட்டணங்களும், திருப்பிக் கொண்டுவரும் செலவும், சரக்கை அழிக்க நேர்ந்தால் அதற்கான செலவும் அனுப்பியவர் தலையில்தான் விழும்.

எத்தனை ஏக்கர் சேர்ந்தால் ஒரு பெட்டி?

உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாற்பது அடிப் பெட்டியில் 25 டன் ஏற்றினால் 50,000 காய்கள்.

25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரங்கள். மரத்திற்கு ஆண்டுக்கு 100 காய் என்றால் 7,000 காய்கள். 45 நாளுக்கு ஒரு வெட்டு வீதம் ஆண்டுக்கு 8 வெட்டு. அதாவது ஒரு வெட்டுக்கு ஏக்கருக்கு 875 காய்கள். அளவிலும் தரத்திலும் பத்துக்கு ஏழு தேறும் என்று கொண்டால் சுமார் 610 காய்கள். எனவே ஒரு பெட்டியை ஒரே வெட்டில் நிரப்ப 80 ஏக்கருக்கு மேல் தோப்பு வேண்டும்.

நம் நண்பருக்கு உள்ளது மூன்று ஏக்கர். மீதிக் காயை அவர் சந்தையில் வாங்கித்தான் நிரப்ப வேண்டும். அப்போது அவர் விவசாயி அல்ல, கடன் வாங்கி வியாபாரம் செய்பவர். காயின் வயதும் அவர் கையில் இல்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் அவர் சற்று நேரம் பேசவில்லை.

ஒரு பெட்டியைப் பலர் பங்கிட்டுக் கொள்ளும் வழியும் உண்டு. அது மஞ்சள், மிளகு போன்ற காய்ந்த சரக்குக்கு ஏற்றது. தேங்காய் மூச்சுவிடும் பொருள், ஈரம் கக்கும் பொருள். பிறர் சரக்கோடு சேர்த்து அடைப்பது இரண்டுக்கும் கேடு.

வெட்டும் உரிப்பும்

ஏற்றுமதிக்கு நன்கு முற்றிய, 11 முதல் 12 மாதக் காய்களையே வெட்ட வேண்டும். இளங்காயில் ஈரம் மிகுதி. தரையில் விழுந்து கிடந்த நெற்றுக்காய் வழியிலேயே முளை விடும். வெட்டும்போது காயைக் கயிறு கட்டி இறக்குதல் நலம். உயரத்திலிருந்து விழும் காயில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தக் கீறல் வழியே நீர் கசிந்து, பக்கத்துக் காய்களையும் பூசணம் பிடிக்கச் செய்யும்.

உரிக்கும்போது கண்களை மூடி நிற்கும் குடுமியை விட்டுவிட வேண்டும். மூன்று கண்களில் மென்மையானது ஒன்று. குடுமி போனால் அதன் வழியாகப் பூசணம் உள்ளே போகும். ஒவ்வொரு காயையும் காதருகே ஆட்டிப் பார்த்து, நீர் தளும்பும் ஓசை இல்லாதவற்றைக் கழிக்கவும். எடை வாரியாகப் பிரித்து, காற்றோட்டமுள்ள வலைச் சாக்குகளில் 25 கிலோ வீதம் கட்டலாம்.

நம் பகுதிக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது குத்துக்கல்வலசை, இலஞ்சி, மேலகரம் பக்கமெல்லாம் காற்றே ஈரமாக இருக்கும். அந்த நாட்களில் உரித்த காயை உடனே சாக்கில் கட்டக்கூடாது. கூரையின் கீழ், தரையில் படாமல் பரப்பி, குடுமியின் ஈரம் போகும்வரை உலர்த்திய பிறகே கட்ட வேண்டும்.

பெட்டி வியர்க்கும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் அறிந்த ஒரு விவசாயிகள் குழு சாரல் நாளில் உரித்த காயை அவசரமாகச் சாதாரணப் பெட்டியில் அடைத்து அனுப்பியது. அக்கரையில் கதவைத் திறந்தபோது மேல் வரிசை மூட்டைகளில் பூசணம், நடுவில் முளை. வாங்கியவர் விலையைக் குறைத்தார். கைக்கு வந்த தொகை கப்பல் கூலிக்கே போதவில்லை. அக்குழு அதன்பின் ஏற்றுமதி என்ற பேச்சையே எடுப்பதில்லை.

நடந்தது இதுதான். பகலில் வெயிலில் இரும்புப் பெட்டி சூடேறும். சரக்கிலுள்ள ஈரம் ஆவியாகும். இரவில் கூரைத் தகடு குளிரும்போது அந்த ஆவி நீர்த்துளியாக மாறி, மேலிருந்து மூட்டைகள் மீது சொட்டும். சோற்றுப் பானை மூடியில் வியர்வை கட்டுவது போன்றதே இது.

இதைத் தடுக்கச் செய்ய வேண்டியவை:

1. சரக்கு ஏற்றுமுன் வெறும் பெட்டிக்குள் ஒருவர் நின்று, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்ல வேண்டும். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் ஓட்டை உண்டு. அந்தப் பெட்டியை மறுத்துவிடவும்.

2. தரைப் பலகை உலர்ந்திருக்கிறதா, முன்பு ஏற்றிய சரக்கின் மருந்து வாடையோ எண்ணெய் வாடையோ அடிக்கிறதா என்று பார்க்கவும்.

3. ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடவும். மேல் வரிசை மீது தடித்த காகிதம் விரிக்கவும்.

4. மரச்சட்டம் பயன்படுத்தினால், அது 56 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டு, கோதுமைக் கதிர் போன்ற முத்திரை குத்தப்பட்டதாக இருக்க வேண்டும். முத்திரையில்லாத மரம் இருந்தால் பல நாடுகள் சரக்கை உள்ளே விடா.

நீண்ட பயணத்திற்குக் குளிர்பதனப் பெட்டியே பாதுகாப்பு. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளவும். அந்தப் பெட்டி இருக்கும் குளிர்ச்சியைக் காப்பதற்கே ஏற்றது. வெயிலில் கிடந்த சூடான காயைத் திணித்தால் நாட்கணக்கில் குளிராது. முன்கூட்டியே குளிர்வித்து ஏற்ற வேண்டும். உட்சுவரில் வரைந்துள்ள கோட்டுக்கு மேல் அடுக்கினால் காற்றோட்டம் தடைப்படும். இடம் மீதி இருக்கிறதே என்று புளியங்குடி எலுமிச்சையைக் கூட வைக்க எண்ண வேண்டாம். தேங்காய்க்கு வைக்கும் கடுங்குளிரில் எலுமிச்சைத் தோல் பள்ளம் விழுந்து பழுதாகிவிடும்.

காகிதங்கள்

ஏற்றுமதி செய்பவருக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவை. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் இதை இணையம் வழியாகவே வழங்குகிறது. தேங்காய்க்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கயிறு, நார்க்கழிவு போன்றவற்றிற்குக் கயிறு வாரியம். பூச்சி நோய் இல்லை என்பதற்கு மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் சான்று தரும். சுங்கப் பத்திரம், விலைப்பட்டியல், மூட்டைப் பட்டியல், எந்த நாட்டுச் சரக்கு என்னும் சான்று ஆகியவையும் உண்டு. 2016 ஜூலை 1 முதல், சரக்கோடு கூடிய பெட்டியின் எடையைச் சரிபார்த்துத் தெரிவிக்காமல் அதைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலக விதி. இவற்றைக் கிளியரிங் ஏஜெண்டு செய்து தருவார். ஆனாலும் பெட்டி எண்ணையும், சீல் எண்ணையும் நீங்களே குறித்து வைத்துக் கொள்ளவும்.

பணம் எப்போது கைக்கு வரும்?

எல்லாக் காகிதங்களிலும் உயிரானது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது. இதன் அசலை யார் காட்டுகிறாரோ அவரே அக்கரையில் சரக்கை எடுக்கலாம். ஆகவே பணம் வருமுன் அசலை வாங்குபவருக்குத் தபாலில் அனுப்புவது, பத்திரத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டு விலையைப் பிறகு கேட்பதற்குச் சமம். அசலைக் காட்டாமலே சரக்கை விடுவிக்கச் சம்மதம் கேட்டாலும் தரலாகாது.

பாதுகாப்பான வழிகள் மூன்று. முதலாவது, முன்பணம். இரண்டாவது, வாங்குபவரின் வங்கி பொறுப்பேற்கும் கடன் உறுதிப் பத்திரம். மூன்றாவது, வங்கி மூலம் காகிதங்களை அனுப்பி, பணம் கட்டிய பிறகே ஒப்படைக்கச் செய்தல். இம்மூன்றாவது முறையில் அவர் சரக்கு வேண்டாம் என்று கைவிரிக்கும் அபாயம் உண்டு. வாங்குபவர் பணம் தராமற் போனால் ஈடு செய்ய, மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் காப்பீடு தருகிறது. கடல் காப்பீடு வேறு. அது பயண விபத்துக்கானது. காய் தன் இயல்பால் அழுகினால் சாதாரணமாக அதில் ஈடு கிடைக்காது.

கப்பல் கூலியும் நிலையானதல்ல. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. நாளும் கூலியும் ஏறின. அரசின் உத்தரவும் மாறலாம். 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 மே மாதம் 40 சதவீத வரியுடன் தடை நீங்கியது. வரி முழுவதும் நீங்கியது 2025 ஏப்ரல் 1-இல்தான். உள்ளூர் விலையையும் பார்க்க வேண்டும். 2025-இல் தேங்காய் விலை இங்கேயே உயர்ந்து நின்றது. அத்தகைய காலத்தில் பழைய விலைக்கு ஒப்பந்தம் எழுதியவர் நட்டமே அடைவார்.

எங்கே தொடங்குவது?

சிறு விவசாயிகளுக்கு ஏற்ற வழி, சேர்ந்து செய்வதே. மத்திய அரசு 2020-இல் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பகுதியில் உள்ள நிறுவனத்தில் சேரலாம். முதல் ஆண்டில் பெட்டி அனுப்ப வேண்டாம். அனுபவமுள்ள ஏற்றுமதியாளருக்குத் தரம் பிரித்த குடுமித் தேங்காயைக் கொடுங்கள். எந்தக் காயை ஏன் கழிக்கிறார் என்று எழுதி வையுங்கள். அவர் பெட்டி ஏற்றும்போது உடன் நின்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது காய் தேறும் நிலை வந்தபின், குழுவின் பெயரில் முதல் பெட்டியை அனுப்பலாம். அப்போதும் ஒரு பெட்டி முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய முதலை மட்டுமே போட வேண்டும்.

குத்துக்கல்வலசை நண்பர் அந்த வியாபாரிக்கு, "பாதிப் பணம் முன்னதாக, மீதிக்கு வங்கி உறுதி" என்று பதில் எழுதினார். அதன்பின் அங்கிருந்து செய்தி வரவில்லை. நகை வீட்டிலேயே இருக்கிறது. அவர் இப்போது பக்கத்துத் தோப்புக்காரர்கள் இருபது பேரைச் சேர்த்து, ஆளுக்கு எத்தனை மரம், எத்தனை காய் என்று நோட்டில் எழுதி வருகிறார். ஏற்றுமதியின் முதற்படி அந்த நோட்டுதான்.