விரியும் பிரபஞ்சமும் ஒரு வசனமும்

திருக்குர்ஆனின் 51-ஆவது அத்தியாயத்தில் 47-ஆவது வசனம் வானத்தின் படைப்பைப் பற்றிப் பேசுகிறது. அங்கே இறைவனைக் குறிக்க வரும் 'மூஸிஊன்' என்ற அரபுச் சொல், விசாலம் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. இதற்கு 'விரிவாக்குபவர்' என்று பொருள்கொண்டு, பிரபஞ்சம் விரிகிறது என்ற 20-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்று பலர் எழுதி வருகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகாய் 1976-ல் வெளியிட்ட நூல் இவ்வகை எழுத்துக்குப் பெரும் ஊக்கம் தந்தது. இந்தப் பொருத்தம் எவ்வளவு தூரம் நிற்கும்?

விரிவு எப்படித் தெரிய வந்தது என்பதை முதலில் பார்ப்போம். பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்தர் 1927-ல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டு இம்முடிவுக்கு வந்தார். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்கின்றன, இரு மடங்கு தொலைவிலிருப்பது இரு மடங்கு வேகத்தில் செல்கிறது என்று எட்வின் ஹபிள் 1929-ல் காட்டினார். ஒரு பலூனில் மைப் புள்ளிகள் இட்டு ஊதிப் பாருங்கள். எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் மற்றவை விலகுவதாகவே தோன்றும்.

923-ல் மறைந்த தபரீ போன்ற பழைய விரிவுரையாளர்கள் அந்த அரபுச் சொல்லுக்கு வல்லமையும் வளமும் உடையவர் என்று பொருள் எழுதினார்கள். வானத்தை விசாலமாக அமைத்தவர் என்றும் சிலர் கொண்டனர். 2-ஆவது அத்தியாயத்தின் 236-ஆவது வசனத்தில் இதே சொல்லின் ஒருமை வடிவம் வசதி படைத்த மனிதனைக் குறிக்கிறது. விலகி ஓடும் விண்மீன் மண்டலங்கள் அச்சொல்லில் தென்படத் தொடங்கியது ஹபிளுக்குப் பிறகுதான்.

சரி, புதிய பொருளையே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. 1948-ல் ஹாயில், பாண்டி, கோல்டு ஆகிய மூவரும் 'நிலைத்த நிலை'க் கொள்கையை வெளியிட்டனர். அதன்படியும் பிரபஞ்சம் விரிகிறது. ஆனால் அதற்குத் தொடக்கமே இல்லை. இடைவெளியில் புதிய பொருள் பிறந்துகொண்டே இருக்கும். பெருவெடிப்புக் கொள்கையோ தொடக்கம் உண்டு என்றது. 'விரிகிறது' என்ற ஒரு சொல் இரண்டுக்கும் பொருந்தும்! எது சரி என்று அது எப்படித் தீர்ப்புச் சொல்லும்?

தீர்ப்பு ஓர் இரைச்சலிலிருந்து கிடைத்தது. 1964-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கண்டனர். உள்ளே குடியிருந்த புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று அதையும் கழுவிப் பார்த்தனர், இரைச்சல் போகவில்லை. எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த அது, பெருவெடிப்பின் வெப்பம் ஆறி ஆறி மிஞ்சிய கதிர்வீச்சு. அதன் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். நிலைத்த நிலைக் கொள்கையால் இதற்கு விளக்கம் தர முடியவில்லை.

பொருத்திப் பார்க்கும் ஆசை புதியதன்று. 10-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் 'இக்வான் அஸ்-ஸஃபா' என்ற அறிஞர் குழுவினர், வேதத்தின் ஏழு வானங்களையும், அதில் வரும் குர்ஸீ, அர்ஷ் என்ற இறை ஆசனங்களையும், தாலமி வகையிலான ஒன்பது வானக் கோளங்களோடு இணைத்தார்கள். அன்றைக்கு அது கச்சிதமான பொருத்தம். பிறகு பூமியை மையமாகக் கொண்ட அந்த வானியலே சரிந்தது. வேதத்தை ஓதுவோர் அதற்காக ஓதுவதை நிறுத்திவிடவில்லை.

பாகிஸ்தான் இயற்பியலார் அப்துஸ் ஸலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர். 1979-ல் நோபல் விருந்தில் குர்ஆன் வசனங்களை எடுத்துச் சொன்னவர். பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான ஸ்டீவன் வைன்பர்க் நாத்திகர். மின்காந்த விசையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையும் ஒன்றே என்ற கொள்கையை இருவரும் 1967, 68-ல் தனித்தனியே அடைந்தார்கள். பிரபஞ்சம் பிறந்து ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு கழியும் வரை அவ்விரு விசைகளும் பிரியவில்லை என்பது இக்கொள்கையின் முடிவு. தங்கள் நம்பிக்கை வேற்றுமை இந்த ஆராய்ச்சியில் குறுக்கிடவில்லை என்று ஸலாமே பின்னாளில் எழுதினார். கொள்கை முன்கூட்டிச் சொன்ன டபிள்யூ, இஸட் துகள்கள் 1983-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டன.